அப்பா வேட்டியைப் பார்க்கவில்லை

எங்கள் வீட்டில் பூஜையறை கிடையாது. காங்கேயத்தில் அப்பா அந்த வீட்டைக் கட்டியபோது, வேண்டாம் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டும், கொத்தனார் பழக்கதோஷத்தில் ஈசான மூலையில் ஒரு மாடம் வைத்துவிட்டார். இடிக்கச் சொன்னால் சுவரே போய்விடும் என்றார். அப்பா அதில் டார்ச் லைட்டை வைத்தார். அரசு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக ஓடி ரிடையர் ஆனபிறகு அவருடைய தோல் பையும் விசிலும் அங்கே குடியேறின. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அந்த மாடத்தை ஈரத்துணியால் துடைப்பாள். ஏன் வெள்ளிக்கிழமை என்று கேட்டால், அன்றைக்குத்தான் தூசி சேருகிறது என்பாள்.

அப்பா கறுப்புச் சட்டைக்காரர். சாமி இல்லை, சாதி இல்லை, சகுனம் இல்லை. யாரும் யார் காலிலும் விழக் கூடாது. டிப்போவில் மற்ற வண்டிகளை டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுப்பார்கள். அப்பா மட்டும் குனிந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். "எலுமிச்சம்பழம் காத்துப் புடிக்குமாடா?" என்று எனக்கு ஐந்து வயதிலேயே கேட்டவர். நானும் பிடிக்காது என்று சரியாகச் சொல்லி மிட்டாய் வாங்கியவன்தான்.

தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பட்டாசும் இல்லை, பலகாரமும் இல்லை. பக்கத்து வீட்டு முறுக்குக்கு மட்டும் கொள்கையில் விலக்கு உண்டு. பொங்கல் ஒன்றுதான் எங்கள் நோம்பி. அது சூரியனுக்கும் மாட்டுக்கும் மனுசனுக்கும் இடையிலான விவகாரம், நடுவில் சாமிக்கு வேலை இல்லை என்பது அப்பாவின் தீர்ப்பு. அதற்கு முதல் நாள் வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகிக் காப்புக் கட்டுவதற்கும் அனுமதி உண்டு. வேப்பிலை கிருமிநாசினியாம்.

இப்படியொரு வீட்டில் பிறந்த நான், போன கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் பதில் இல்லை. கோயமுத்தூரில் ஒரு பம்பு செட் கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். கூட வேலை செய்யும் ஒருவர் கணபதி என்கிற ஏரியாவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோவிலில் நடக்கும் பஜனைக்கு ஒருநாள் கூட்டிப்போனார். சும்மா போனேன். பாடினார்கள். கை தட்டினார்கள். சுண்டல் கொடுத்தார்கள். யாரும் என்னை எதையும் நிரூபிக்கச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ரசத்தில் உப்பு அதிகம் என்று சொன்னால்கூட ஆதாரம் கேட்பார்கள். முப்பத்தாறு வயது வரைக்கும் வாதாடியே தொண்டை காய்ந்தவனுக்கு, வெறுமனே உட்கார்ந்து கை தட்டுவது எவ்வளவு சுகம் தெரியுமா? அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன்.

கோவில் நடைமுறை ஒன்றும் தெரியாது. முதல் நாள் பிள்ளையாரை எதிர்த்திசையில் சுற்றி, எதிரே வந்தவர்கள் அத்தனை பேர் மேலும் மோதினேன். "இது ஒன்வேங்க" என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார் குருசாமி. அவர்தான் வருடாவருடம் மலைக்கு ஆள் கூட்டிப்போகிறவர்.

மாலை போட்டால் கறுப்பு உடைதான் உடுத்த வேண்டும். காலில் செருப்புக் கூடாது. சவரம் கூடாது. கறி, மீன் கிட்டவே வரக் கூடாது. எல்லோரும் உங்களைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள், கட்டின மனைவி உட்பட. அவளுக்கோ கொண்டாட்டம். "சாமி, கேஸ் தீந்துபோச்சுங்க சாமி" என்று பக்தியோடு வேலை வாங்கினாள். ஆனால் பொங்கலுக்கு ஊருக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க. நானும் கூட வந்தா, மருமகதான் புள்ளைய மாத்திப்போட்டான்னு பழி எந்தலையில விழும்."

எட்டு வாரமாக ஊருக்குப் போகாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று நாலு தரம் கூப்பிட்டு, நாலு தரமும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். பேசாமல் மலைக்குப் போய்வந்து, மாலையைக் கழற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்திருப்பேன். குருசாமிதான் மாட்டிவிட்டார். எங்கள் கூட்டம் பொங்கல் கழிந்து நெரிசல் குறைந்தபிறகு, தை இரண்டாம் தேதி கிளம்புவதாக ஏற்பாடு. கிளம்புகிற அன்று தலையில் சுமக்கிற இருமுடியில் அரிசி நிறைப்பார்கள். முதல் தடவை போகிறவன் கன்னிசாமி.

"கன்னிசாமிக்கு அப்பா அம்மா உசுரோட இருந்தா, அவங்க கையால அரிசி போடோணுங்க சாமி" என்றார். "கூட்டிட்டு வந்துருங்க."

எனக்கும் அது வேண்டியிருந்தது. சாமிக்காக இல்லை. எட்டு வாரம் அப்பாவிடம் பொய் சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அவர் ஒரு பிடி அரிசி போட்டால் அந்த முள் வெளியே வந்துவிடும் என்று நம்பினேன்.

பொங்கலுக்கு முதல் நாள் காலை சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, எட்டு வாரத் தாடி. துளசி மாலை வெளியே தெரியாமல் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தேன். போனதும் சொல்லிவிடுவது என்று முடிவு. பல்லடம் தாண்டினதிலிருந்து ஒத்திகை பார்த்தேன். "அப்பா, ஒரு விசயம் சொல்லோணுங்க." அதற்குமேல் ஒத்திகையிலேயே வரவில்லை.

வாசலில் அப்பா ஸ்டூல் மேல் நின்று பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்து நிலையில் செருகிக்கொண்டிருந்தார். கேட் சத்தம் கேட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த கொத்து கீழே விழுந்தது.

"அடேய்!" என்றார். ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினாரோ தெரியாது, என் தோள் ரெண்டையும் பிடித்துக்கொண்டு நின்றார். "கறுப்புச் சட்டை... அதுக்கு மேல தாடி வேற!"

அவர் கண்ணில் தண்ணீர். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை.

"இத்தனை வருசமா நானாச் சொல்லலியே, கவனிச்சியா? அதது தானா வரோணும்னு உட்டுட்டேன். வந்துட்டியேடா!" உள்ளே திரும்பிக் கத்தினார். "ஏய், வந்து பாரு! உன்ற பையன் நம்ம பக்கம் வந்துட்டான்!"

அம்மா கரண்டியோடு வந்தாள். மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கீழே, காலருகே கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தாள். "வா கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பில் எனக்காக நாட்டுக்கோழி கொதிக்கிற வாசம் வந்தது.

இங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "அப்பா, ஒரு விசயம்..." என்றேன்.

"எதுவா இருந்தாலும் அப்புறம். வா, தோழருக கிட்டக் காட்டோணும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

வாழ்நாளில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி நடந்ததில்லை. எதிரே வந்தவர்களிடமெல்லாம், "பையன், கோயமுத்தூர்ல இருந்து" என்றார். பாதித் தெரு போனதும்தான் என் காலைப் பார்த்தார்.

"ஏன்டா, செருப்பு எங்கே?"

"பஸ்ஸுல அறுந்துபோச்சுங்கப்பா."

எட்டு வாரம் விரதம் இருந்தவன் வாயில் பொய் எவ்வளவு சரளமாக வருகிறது பாருங்கள். அப்பா விடுவாரா? செருப்புக் கடைக்குள் இழுத்துப்போய், கடையிலேயே நல்ல ஜோடியாக எடுக்கச் சொன்னார். "போட்டுப் பாரு" என்றார். "புதுசு கடிக்குங்கப்பா, அப்புறம் போட்டுக்கறேன்" என்று பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். கல்லும் முள்ளுமாக இருந்த தெருவில், புதுச் செருப்பைச் சுமந்துகொண்டு வெறுங்காலில் நடந்தவன் காங்கேயத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டீக்கடையில் அப்பாவின் தோழர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டமாக இருந்தவர்களில் மிச்சம் அவ்வளவுதான். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். எழுபது வயதுக்காரர்கள் எனக்காக எழுந்து நிற்கிறார்கள்! ஒருவர் கையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, "இளைஞருக வராங்க தோழர், நான் சொன்னனில்ல" என்றார். மற்றவர், பொங்கலன்று மாலை இதே முக்கில் நடக்கும் கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்றார். தலைப்பையும் அவரே வைத்துவிட்டார்: மூடநம்பிக்கை. எனக்குத் தெரிந்த விசயம்தான், ஆனால் அன்றைக்கு எந்தப் பக்கம் நின்று பேசுவது?

அப்போது டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். வருடம் முழுக்க ஆளைப் பார்த்து டீ போடுகிறவர். வெறுங்காலைப் பார்த்தார், கறுப்பு வேட்டியைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார். கும்பிட்டார்.

"சாமி, டீயா காபிங்களா? உங்குளுக்குன்னு தனியாப் பேப்பர் கப்பு வெச்சிருக்கறனுங்க சாமி."

"யாரைய்யா சாமிங்கறே?" என்று சிரித்தார் அப்பா. "இவன் என்ற பையன்."

"தெரியுமுங்க. சாமி எப்ப மலைக்குப் போறீங்க?"

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் மேல் பட்டனைக் கழற்றினேன். வேறு என்ன செய்ய? வாய்தான் வேலை செய்யவில்லையே. மாலையும் அதில் தொங்கிய ஐயப்பன் டாலரும் வெளியே வந்தன. என் கையைக் குலுக்கிய தோழர் தன் கையை ஒருதரம் பார்த்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அப்பா பெஞ்சில் இருந்த செருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் வீட்டைப் பார்த்து நடந்தார். அந்தத் தெரு அவ்வளவு நீளமானது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மத்தியானம் அப்பா கோழிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். எலும்பைக் கடிக்கிற சத்தத்திலேயே கொள்கை இருந்தது. எனக்கு அம்மா தனியாகப் பருப்பும் தயிரும் வைத்தாள். கோழிக் கரண்டி படாத பாத்திரங்கள். எப்போது எடுத்து வைத்தாள்?

"உனக்கு எப்பிடிங்கம்மா தெரியும்?" என்று சமையலறையில் கேட்டேன்.

"கட்சிக்காரங்க சட்டைதான் கண்ணு கறுப்பு. வேட்டி வெள்ளை. நாப்பது வருசமா நீலம் போட்டுத் தொவைக்கறவளுக்குத் தெரியாதா?" என்றாள். "உங்கப்பா சட்டையோட நின்னுட்டாரு."

சாயங்காலம் அப்பா என்னை எதிரில் உட்கார வைத்தார்.

"செரி. காரணம் சொல்லு."

"காரணம் இல்லீங்கப்பா."

"காரணம் இல்லாம எவனாவது எட்டு வாரம் கறி திங்காம இருப்பானா?"

"அங்க போய் உக்காந்தா யாரும் காரணம் கேக்கறதில்லீங்க. அதாங்க புடிச்சிருக்குது."

"அதாண்டா தப்பே!" என்று நாற்காலிக் கையில் அடித்தார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நீ சாமி கும்புடு, கும்புடாமப் போ. உன்ற புத்தி, உன்ற இஷ்டம். ஆனா என்ற கையப் புடிச்சுட்டுக் காமணி நேரம் தெருவுல நடந்தே பாரு... நான் ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டு வந்தேன். அப்பச் சொல்லியிருக்கலாமில்ல? பைத்தியக்காரனாட்டம் ஆக்கிப்போட்டியேடா."

வெட்கமாக இருந்தது. அவர் திட்டியிருந்தால் திருப்பி வாதாடியிருப்பேன், அதற்குத்தான் வளர்த்திருக்கிறார். இது வாதமே இல்லை. நான் செய்த தப்பு அதுதான், வேறொன்றுமில்லை.

மறுநாள் பொங்கல் பொங்கியது. அப்பா பானையைப் பார்த்துப் "பொங்கலோ பொங்கல்" சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கூட்டத்தில் பேச என்னை யாரும் கூப்பிடவில்லை. கிளம்பும்போது துணிந்து கேட்டுவிட்டேன்.

"நாளைக்குச் சாயங்காலம் கட்டு நிறைக்கறாங்கப்பா. நீங்களும் அம்மாவும் வந்து ஒரு புடி அரிசி போடோணும்."

"அரிசி வேணும்னா மூட்டையா வாங்கித் தாரேன். பொங்கித் தின்னு. புடி புடியாப் போட்டு உன்ற சாமிக்கு அனுப்பறதுக்கு நான் ஆளில்லை."

அவர் பக்கம் நியாயம் இருந்தது. அவரிடம் இல்லாததைக் கேட்டேன். இருந்தாலும் பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர், "சாமி பக்தில உருகறாரு" என்று தன் மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் பிள்ளையார் கோவிலில் அம்மா மட்டும் வந்து நின்றாள். "அப்பா?" என்றேன். "பஸ்ஸுல கூடத்தான் வந்தாரு. எறங்குனதும் காணோம்" என்றாள். குருசாமி அவளைக் கூப்பிட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக ஊரறிய ஒரு கோவில் காரியம் செய்கிறாள். மூன்று பிடி போடச் சொன்னதற்கு ஆறு பிடி போட்டாள். "மூணு போதுங்கம்மா" என்றார் குருசாமி. "வராதவங்களுக்கும் சேத்துப் போட்டனுங்க" என்றாள். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இருமுடி தலையில் ஏறினபிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. அதனால் கூட்டத்தில் பின்னால் எங்காவது அப்பா நிற்கிறாரா என்று பார்க்க வழியில்லாமல், முன்னால் பார்த்தே நடந்தேன்.

முன்னால்தான் நின்றார். ரோட்டோரத்தில் எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி, கறுப்புச் சட்டை. கக்கத்தில் செருப்புப் பெட்டி. குனிந்து டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் பாவம், பள்ளிக்கூடப் பையனாட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பின்னாடி உள்பக்க டயர்ல காத்துக் கம்மி. கிளம்பறதுக்குள்ள புடிச்சிருங்க. ஸ்டெப்னி எங்கே? நேத்து எத்தனை மணி நேரம் தூங்குனீங்க? மலையேறப் போறீங்க, நாப்பது உசுரு இருக்குது."

அப்போது எனக்கு முன்னால் போன இன்னொரு கன்னிசாமி, பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பையன், அப்பாவின் கறுப்புச் சட்டையைப் பார்த்தான். நரைத்த தலையைப் பார்த்தான். எத்தனை மலை ஏறின பெரியசாமியோ என்று நினைத்திருக்க வேண்டும். இருமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "சாமி சரணம்" என்று அப்படியே அவர் காலில் விழுந்தான்.

காலில் விழுந்தவர்களை அப்பா எப்படித் திட்டுவார் என்று எனக்குத் தெரியும். துள்ளிப் பின்னால் நகர்ந்தார். வாயைத் திறந்தார். அந்தப் பையன் எழுந்து, முகமெல்லாம் பல்லாக அவரைப் பார்த்தான். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"பாத்து ஏறுங்க தம்பி" என்றார். "படி வழுக்கும்."

நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல், "சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன்" என்றார். "அவன் மூஞ்சியில அத்தனை சந்தோசம். எப்பிடிச் சொல்றது?"

"எனக்கும் அன்னைக்கு அப்பிடித்தாங்கப்பா இருந்துச்சு."

அப்பா தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டினார். அப்புறம் செருப்புப் பெட்டியைக் காட்டி, "திரும்பி வர்ற அன்னைக்கு இதே எடத்துல நிப்பேன். மாலையக் கழட்டுனதும் போட்டுக்கோ" என்றார். "அரிசிதான் போட மாட்டேன்னேன்."

வண்டிக்குக் காற்றுப் பிடித்து வந்தார்கள். அப்பா மறுபடி தட்டிப் பார்த்தார். எல்லோரும் ஏறினதும் தலையை எண்ணினார். வெளியே இறங்கி, உள்ளங்கையால் பஸ்ஸின் பக்கவாட்டில் ரெண்டு தட்டுத் தட்டி, "ரைட்! போலாம்!" என்றார். முப்பது வருடப் பழக்கம், குரல் அப்படியே இருந்தது. பஸ்ஸே அதிரச் சரணம் கூப்பிட்டார்கள்.

பக்கத்தில் அந்தக் காயில் கட்டுகிற சாமி உட்கார்ந்திருந்தான். "ஏனுங்க சாமி, அந்தப் பெரியசாமி நம்ம கூட வரலீங்களா?"

இந்தத் தடவை காமணி நேரமெல்லாம் காத்திருக்கவில்லை. "அவரு சாமி இல்லீங்க சாமி. எங்கப்பா. கறுப்புச் சட்டைக்காரரு, சாமியே இல்லைங்கறவரு."

பையன் ஆடிப்போனான். தான் விழுந்த காலை நினைத்துப் பார்த்திருப்பான். உக்கடம் தாண்டினதும் மெதுவாகக் கேட்டான்.

"சாமி இல்லைங்கறவரு, எதுக்குங்க அத்தனை டயரையும் தட்டித் தட்டிப் பாத்தாரு?"

"அதனாலதானுங்க பாத்தாரு" என்றேன்.